சிவப்புக் கோட்டுக்கு வெளியே

டீ ஆறட்டும் ஐயா, நான் சூடாகக் குடிப்பதில்லை. வரைபட அலுவலகத்தில் படம் பொருத்துகிற வேலை எனக்கு. எதையும் அவசரப்பட்டுச் செய்து பழக்கமில்லை.

எங்கள் ஊர் மேட்டில் மலை விரிசல் விட்டிருந்தது. சரியக்கூடிய இடத்தை நிலவியல்காரர்கள் சோவியத் காலத்து விமானப் படம் ஒன்றின்மேல் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் நான் உட்கார வைக்க வேண்டும். இரண்டிலும் தெரிகிற இடங்களைப் பார்த்து, இது இங்கே, அது அங்கே என்று கணினியில் புள்ளி வைத்தால் படம் தானே நகர்ந்து பொருந்திக்கொள்ளும். கோட்டுக்குள் விழும் வீடுகளுக்கு அரசாங்கம் ஓஷ் நகரத்துப் பக்கம் வேறு மனை தரும். வெளியே நிற்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

கொஜோமுரத் என் பெரியப்பா மகன். அவர் வீடு கோட்டுக்கு உள்ளே, ஆற்றின் கீழ்ப்பக்க ஓரத்தில் இருந்தது.

விருந்தில் ஆட்டை அறுத்தால் யாருக்கு எந்த எலும்பு என்பதில்தான் எங்கள் ஆட்களின் மானமே இருக்கிறது. அவர் பேரனின் தொட்டில் விருந்தில் அவரே பங்கு வைத்தார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரே உட்கார்ந்திருக்க, பொடிப்பயல்களுக்குப் போடும் விலா எலும்பை என் முன்னால் வைத்தார்.

“என்னடா முறைக்கிற? பொட்டி முன்னாடி குந்திக்கிட்டு பொம்மை பாக்குறவனுக்கு இது போதாதா? இவன் படத்தை இழுத்தா மலையே நகருமாம்ல, கேட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே அந்த விலாவைச் சுத்தமாகத் தின்றேன். அந்த எலும்பை இன்றுவரை மறக்கவில்லை, மறைப்பானேன்.

அடுத்த வாரம் அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. பழைய படத்தில் இருந்த ஆற்றுப் பாலம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது. இப்போதிருப்பது ஆற்றில் இன்னும் மேலே தள்ளிக் கட்டியது. வெளியூர்க்காரன் என்றால் ஏமாந்திருப்பான். நான் அந்த ஊரில் பிறந்தவன். தெரிந்தேதான் பழைய பாலத்தைப் புதிய பாலத்தின்மேல் வைத்தேன். மற்றப் புள்ளிகளையும் அதற்குத் தோதாகக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளினேன். படம் ஆற்றின் மேல்பக்கமாக நகர்ந்தது, கூடவே கோடும் நகர்ந்தது. அவர் வீடு வெளியே வந்துவிட்டது.

கொஜோமுரத் வீட்டில் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, மேல இருக்குற விரிசல்ல என் கையே உள்ள போவுதுடா. ஒன் அண்ணி பேரப்புள்ளைய வச்சுக்கிட்டு பயந்து சாவுறா. கோடு எங்க வீட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“நீங்க வெளியதான் இருக்கீங்க அண்ணே.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நீ பாத்தா சரிதான்டா. இந்த வேலையில ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல.”

என் தோளில் தட்டிவிட்டு, கட்டிய சாமான்களைப் பிரிக்கப் போனார்.

ஏப்ரல் மழையில் மலை இறங்கியது. அவர், அண்ணி, மகன், மருமகள், குழந்தை. குழந்தையின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என் வேலையை அந்த மனிதர் மதித்துப் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் ஐயா. அதை நானே கெடுத்துக்கொள்வேனா?