தம்பியின் நீலத் திரை

கம்ப்யூட்டர் பழுது என்று யார் வந்தாலும், உள்ளே தூசி தட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பழுது அதிலேயே போய்விடும். பதினெட்டு வருஷமாக வீட்டு முன்னறையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன் சார். பின்னறை தம்பியுடையது.

ஒரு விபத்தில் அவனுக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அவனைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். பொழுது போகட்டும் என்று, விளையாடுவதற்கு நல்ல கம்ப்யூட்டராக நானே பூட்டிக் கொடுத்தேன். அதில் கூட விளையாடும் ஒரு பெண் பழக்கமானாள். அவளுடைய கம்பெனியில், புது விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை ஒன்று இருந்தது. வேறு ஊர். தரைத்தளத்தில் அவனுக்கு அறைகூடப் பார்த்து வைத்துவிட்டாள். வேலை உறுதியாவதற்கு ஒரு வாரம் வீட்டிலிருந்தே ஆடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது சொன்னான். "நான் போயிட்டா உனக்கும் நிம்மதிதானே அண்ணா."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டேன்.

மறுநாள் தூசி தட்டும் சாக்கில், யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன பழுதான ரேம் என்கிற நினைவகச் சில்லை அவன் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சூடேறும்வரை ஒழுங்காக ஓடும். அரைமணியில் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிடும்.

பிறகு அவனுக்காக நாயாய் உழைத்தேன். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். திரையில் வரும் பிழை எண்ணை அவன் தாளில் எழுதி நீட்டுவான். வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் சந்தோஷமாக இருப்பான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வந்ததேயில்லை. தானாகத்தான் கெட்டது.

ரேமைச் சோதிக்கும்படி அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் பார்த்தாயிற்று என்றேன்.

"ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தியா அண்ணா?"

"என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

சக்கர நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கடைசி நாள் மதியம், முன்னறையில் ஒரு லேப்டாப்புக்குத் திருகு பூட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையில் கம்ப்யூட்டர் பெட்டியை இழுக்கும் சத்தம். தானே கழற்றிப் பார்க்கிறான் என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலி சாயும் சத்தமும் கேட்டது.

"அண்ணா."

நான் எழுந்திருக்கவில்லை. நானில்லாமல் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாதென்று அவனுக்கே உறைக்கட்டும் என்றிருந்தேன். மிச்சத் திருகுகளைப் பூட்டி, லேப்டாப்பைத் துடைத்து, உறையில் போட்ட பிறகு போனேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். கழுத்து மடங்கி மூச்சு அடைத்திருந்தது. கையில் ரேம் இருந்தது. பழுதானதைத்தான் சரியாகப் பார்த்துக் கழற்றியிருக்கிறான்.

பத்து நிமிஷம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். நான் மறுக்கவில்லை சார். பழுதானதை மாட்டியதும் நான்தான், காதில் விழுந்தும் போகாமல் இருந்ததும் நான்தான். ஆனால் அவன் ஒரே தடவைதான் கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.