ஏழாம் பகுதியை நடக்காதவர்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, வன அலுவலகத்திலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே, லிப்ட் கம்பெனித் தோழர்களே, மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போன நம் நெடுநடைச் சங்கத்து நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே! செயலாளர் மைக்கைப் பிடித்தால் நாற்காலிகள் காலியாகும் என்று என்னைக் கேலி செய்ய ஒரு மனிதர் இருந்தார். அவருக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

கடப்பாரையார்! பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது நாம் கொடுத்த பட்டம். முப்பது ஆண்டுகள் லிப்ட் மெக்கானிக். ஊரையே மாடிக்கு ஏற்றிவிட்டு, தான் மட்டும் படியில் இறங்கிப் போனவர்! வாரத்தில் ஆறு நாள் லிப்ட், ஏழாம் நாள் மலைப்பாதை. தோளில் கடப்பாரையோடு பேருந்தில் ஏறுவார். "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார் ஒரு நடத்துனர். "எடுத்துட்டாப் போச்சு, ஜன்னலோர சீட்டா பாத்துக் குடுங்க" என்றார் நம்மவர். பேருந்தே சிரித்தது.

நம் பாதை முந்நூற்று இருபது கிலோமீட்டர், பன்னிரண்டு பகுதிகள். அவர் வேலை செய்யாத பகுதி ஒன்று உண்டா? மழைத்தண்ணீர் பாதை மேலேயே ஓடினால் பாதை ஓடையாகிவிடும். குறுக்கே கல் பதித்து, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓரமாக இறக்கிவிட வேண்டும். "தண்ணிக்கு வழி விட்டாத்தான் மனுஷனுக்கு வழி கிடைக்கும்" என்பார். இவ்வளவு உழைத்தும் நடக்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே என்று நம் மருத்துவர் அம்மையார் ஒருமுறை குறைப்பட்டார். "பாக்கலைன்னா வேலை சரியா இருக்குன்னு அர்த்தம்மா. நின்னுபோன லிப்டைத்தானே எல்லாரும் பாக்குறாங்க?" என்றார். அம்மையார் தலையசைக்கிறார், பாருங்கள்.

பன்னிரண்டு பகுதிகளையும் நடந்து முடித்தவர்களுக்கு நம் சங்கம் முழுநடைப் பதக்கம் கொடுக்கிறது. அவர்கள் பெயரை இதோ இந்தச் சுவர்ப் பலகையில் எழுதுகிறது. முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. கடப்பாரையாரின் பெயர் இல்லை! ஏன் இல்லை? நான்தான் காரணம்.

போன வருடம் அவர் விண்ணப்பம் வந்தது. ஏழாம் பகுதி நடந்த தேதி என்ற கட்டத்தில் "நடக்கவில்லை, வேலை செய்தேன்" என்று எழுதியிருந்தார். இந்தப் பக்கமிருந்து ஏறி, வேலை பார்த்துவிட்டு, இந்தப் பக்கமே இறங்குவார். அடுத்த முறை அந்தப் பக்கமிருந்து. நடுவில் அரைக் கிலோமீட்டர் வெறும் பாறை. அங்கே வெட்ட ஒன்றும் இல்லை, அதனால் அவர் போகவும் இல்லை! விதி என்றால் விதி என்று நான் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன்.

கோபப்பட்டாரா? இல்லை. இதே அறைக்கு வந்தார். "நீங்க சொல்றது சரிதான் செயலாளரே. நடக்கலைன்னா நடக்கலைதான். மழை விடட்டும், பாத்துக்கலாம்" என்றார். வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "ஆமா, நீங்க ஏழாம் பகுதி போனப்போ அந்த மரப்பாலத்துல வழுக்குச்சா?"

"கொஞ்சம் வழுக்குச்சு, சமாளிச்சுட்டேன்" என்றேன். சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மழை விடுவதற்குள் இதயக்கோளாறு வந்தது. மேடு ஏறவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

நண்பர்களே, ஏழாம் பகுதியில் மரப்பாலம் கிடையாது. இங்கே பாதிப் பேருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நான் அங்கே போனதே இல்லை! ஆறு வருடங்களுக்கு முன், ஆறாம் பகுதி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வலி. சாலைக்கு இறங்கிப் பேருந்து ஏறி, எட்டாம் பகுதி தொடங்கும் இடத்தில் இறங்கினேன். படிவத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதினேன். அந்த வாரம் முழுக்க அவர் வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டு ஏழாம் பகுதியில் கூடாரம் போட்டுப் படி கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நான் வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா?

விதி சரி. விதியைச் சொன்ன வாய்தான் சரியில்லை.

அவர் மறைவுக்குப் பிறகாவது பதக்கத்தைக் கொடுத்துவிடலாம் என்று குழு முடிவு செய்தது. நேற்று மாலை அண்ணியிடம் சொல்லப் போனேன். "வேண்டாம் தம்பி. நடக்காததை நடந்ததா சொல்லி வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்ல" என்றார். 'எங்க வீட்ல' என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார்.

"அண்ணன் உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னாரு. 'அனுமதிக்காக வன அலுவலகத்துக்கு நடையா நடக்குறது அந்த ஆளுதான். விஷயம் வெளிய வந்தா சங்கத்தை விட்டே போயிடுவாரு, பாதைதான் கெட்டுப்போகும். நீ வாயைத் திறக்காதே'ன்னாரு. நானும் திறக்கலை."

வெட்கமாக இருக்கிறது. அவர் இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருடம் இருந்தது, சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறப்போவதில்லை.

அண்ணி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் பெயரைப் பலகையில் எழுத மாட்டோம். பதினான்காவதாக இருக்கும் என் பெயரை அழித்துவிடும்படி தலைவர் அம்மையார் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் பதக்கம் மேசை மேல் இருக்கிறது. பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்றாலும் விலகுகிறேன். பாதையை விட்டுப் போக மாட்டேன். ஏழாம் பகுதி வாய்க்கால்கள் மண் மூடிக் கிடக்கின்றன. ஞாயிறு காலை ஆறரை மணிப் பேருந்து. மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் சும்மா வாருங்கள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

விண்ணப்பத்தோடு நான் அவருக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "விடுபட்ட தூரத்தை நடந்து முடித்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்." அவரால் அது முடியாமல் போனது. என்னால் முடியும்.