சைக்கிள் கூட்டத்துக்குப் போன கார்

ராசிங்காபுரத்திலிருந்து வந்த பஸ், போடி கடைவீதியில் இருபக்கமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே சிக்கி நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த பெண் சலித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரு சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து காருக்கு டீசல் பத்த மாட்டேங்குது.”

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். “என்ன மதினி சொல்றீக?”

“ஞாயித்துக்கிழமையானா சைக்கிள கார் மேல கட்டி போடிமெட்டுக்குக் கொண்டுபோறாரு. அங்கிருந்து இறக்கத்துல மிதிக்காமலே உருண்டு வர்றாரு. பின்னாடியே டிரைவர் காரை ஓட்டிக்கிட்டு வரணும்.”

“ஏறும்போது மிதிக்க மாட்டாரா?”

“மூச்சு வாங்குமாம். தெருமுனைல பால் வாங்கக்கூட காருதான். நேத்துப் பள்ளிக்கூடத்துல மேடையேறி, எல்லாரும் காரை விட்டுட்டு சைக்கிள எடுங்கன்னு பேசுறாரு. நானும் கீழ உக்காந்து கை தட்டுறேன்.”

“இன்னைக்குக் காரு எங்க?”

“சைக்கிள் கூட்டத்துக்குப் போயிருக்கு.”

“நீங்க முன்னாடி சைக்கிள்லதான கடைக்குப் போவீக?”

“கார் வாங்குன அன்னைக்கே நிப்பாட்டிட்டாரே! கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி சைக்கிள்ல போனா ஊரு என்ன பேசும்னு, நம்ம கடையில ஏலக்கா பொறுக்குற செல்விக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு.”

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. கார்களுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நுழைந்து வந்தது. ஜன்னலோரப் பெண் அவசரமாகப் பையைத் துழாவி, கையை வெளியே நீட்டினார்.

“ஏ செல்வி! இந்தா சாவி. வெரசாப் போயிக் கடையத் திற. நான் வர நேரமாகும்.”