மூணு பேர் ஆடி முடித்த மேட்ச்

காலையில் ஓசூரிலிருந்து பாகலூர் போகும் பஸ்ஸில், கம்பெனி யூனிஃபார்ம் போட்ட இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நெட்டையானவர் சொன்னார்: "எங்க யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமோட மொத மேட்ச்ச ஆடி முடிச்சது மூணே பேருதான்."

"அஞ்சு பேரு வேணுமேண்ணா?"

"ஆரம்பிக்கறப்ப அஞ்சு பேருதான். மொத வருசம் டீமே அவ்வளவுதான், மாத்தி எறக்க ஆளில்ல. ஒருத்தருக்கு அஞ்சு ஃபவுல் ஆச்சுன்னா வெளிய போயிடணும். ரெண்டு பேரு அப்படிப் போயிட்டாங்க."

"அதோட விட்டுட்டீங்களா?"

"எதிர் டீம் கோச் கூட, போதும்ப்பா விட்டுடுங்கன்னாரு. எங்க கேப்டன் சிங்காரப்பேட்டைக்காரன். ஆடறோம் சார்னுட்டான். கடைசி நாலு நிமிசம் மூணு பேரும் ஓடுனாங்க பாரு. ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம். அதுவரைக்கும் எங்களுக்கு மண்ணுலதான் பிராக்டிஸ். அதுக்கப்புறந்தான் சிமெண்ட் கோர்ட்டே போட்டாங்க. இப்ப அந்த டீம்ல சேரணும்னு பசங்க செலக்‌ஷனுக்கு வரிசையில நிக்கறாங்க."

"அந்த மூணு பேர்ல நீங்களும் ஒருத்தராண்ணா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லப்பா. ஃபவுல் வாங்கி வெளிய உக்காந்தவன் நானு. அன்னிக்குக் கத்துன கத்துல மூணு நாளு எனக்குக் கொரலே வரல."