மாசம் ஒரு மூட்டை மெழுகு

மருதாசலம்: ...அக்கட்ட நிக்காதீங்க அம்மணி, அனலடிக்குது. இப்படி வந்து முக்காலியில உக்காருங்க.

பாவாத்தாள்: உக்காரறது இருக்கட்டுங்க. இத்தனை வெள்ளனே எதுக்கு வரச்சொன்னீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு, தொண்டாமுத்தூர்ல மொத பஸ்ஸப் புடிச்சு ஓடியாறேன்.

நஞ்சுண்டன்: நான் எங்கீங்க வரச்சொன்னேன்?

பாவாத்தாள்: பேரூர்ச் சிலைக்காரருக்கு மெழுகு அவசரமா வேணுமாமான்னு நேத்துக் கண்டக்டர் வந்து சொன்னாரே!

நஞ்சுண்டன்: கண்டக்டரா? ...ஏனப்பா மருதாசலம், இது உன்ற வேலைதானே?

மருதாசலம்: ஆமா. இன்னைக்கு உலோகம் ஊத்தற நாளு. அம்மணி கண்ணு முன்னால இருந்தாத்தான் சிலை ஒழுங்கா வரும்.

பாவாத்தாள்: நானென்ன மந்திரவாதியா?

மருதாசலம்: போன தடவை நடந்தது உங்களுக்குத் தெரியாதுங்களா?

நஞ்சுண்டன்: மருதாசலம்... உலையப் பாரு.

மருதாசலம்: உலையப் பாத்துக்கிட்டேதான் பேசறேன். அம்மனுக்கு வலது கையில வெரலே வரலீங்க. மொட்டையா நின்னுச்சு. ஏன்னு கேளுங்க.

பாவாத்தாள்: ஏனுங்க?

நஞ்சுண்டன்: மண்ணச்சு ஆறிப்போச்சுங்க. அது சூடா இருக்கையிலயே ஊத்திப்போடோணும். ஆறுச்சுன்னா உலோகம் வெரல் நுனி வரைக்கும் ஓடாது. பாதியிலயே ஒறைஞ்சுக்கும்.

மருதாசலம்: அச்சு ஏன் ஆறுச்சுன்னு சொல்றானா பாருங்க.

நஞ்சுண்டன்: அன்னைக்குக் காத்து கொஞ்சம்...

மருதாசலம்: காத்துமில்லை, மழையுமில்லை. தொண்டாமுத்தூர் பஸ்ஸு! பஸ்ஸு சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடறதும், 'எறங்கலையே'ன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வாறதும்... நான் இங்க கெடந்து கத்தறேன், 'ஆறுதப்பா, ஆறுது'ன்னு.

பாவாத்தாள்: ...மெழுகுக்கு அத்தனை அவசரமுங்களா?

மருதாசலம்: மெழுகு! ஆமாமா... மெழுகுக்குத்தான்.

நஞ்சுண்டன்: இவன் பேச்சை உடுங்க. ஆனா ஒண்ணுங்க, இந்தத் தடவையும் தப்புச்சுன்னா கிணத்துக்கடவுக் கோயில்காரங்க என்னைய நம்பமாட்டாங்க. நோம்பிக்கு முந்தி மாரியாத்தா வந்தாகோணும். இல்லீன்னா கும்பகோணத்துச் சிலைக்காரங்ககிட்டப் போயிக்கறோம்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கறாங்க.

பாவாத்தாள்: கும்பகோணமா? அப்ப உங்க பட்டறை?

மருதாசலம்: கதவைச் சாத்திப்போட்டு ரெண்டு பேரும் பம்புசெட் கம்பெனிக்கு மண்ணள்ளப் போகவேண்டியதுதான்.

பாவாத்தாள்: கண்டதைப் பேசாதீங்க! ...ஏனுங்க, இந்த மண் உருண்டைக்குள்ளதானே அம்மன் இருக்கறா?

நஞ்சுண்டன்: இருந்தாங்க. மொதல்ல மெழுகுல முழு அம்மனையும் செஞ்சேன். மூக்குத்தி, கொசுவம், வெரல் நகம், எல்லாம். அதும்மேல நொய்யல் வண்டலை அரைச்சுப் பூசி, அப்பறம் களிமண்ணப் பூசி, கம்பி சுத்திக் காயப்போட்டாச்சு. இப்ப சூடு பண்ணவும்... அதா பாருங்க, அந்த ஓட்டையில.

பாவாத்தாள்: அடியாத்தா! ஒழுகுது!

நஞ்சுண்டன்: உங்க தேனீங்க கட்டுன மெழுகுதான்.

பாவாத்தாள்: அப்ப அம்மன்?

நஞ்சுண்டன்: ஓடிப்போச்சுங்க. உள்ள இப்ப ஒண்ணுமில்லை. அவ நின்ன எடம் மட்டுந்தான் இருக்குது. அந்த எடத்துலதான் உலோகத்த ஊத்தறோம்.

பாவாத்தாள்: மூக்குத்தி வரைக்கும் மெனக்கெட்டுச் செஞ்சுபோட்டு, நீங்களே உருக்கி உடறீங்களா! உங்களுக்கு மனசே இல்லைங்களா?

மருதாசலம்: மனசெல்லாம் இருக்குதுங்க. வாயிதான் இல்லை.

பாவாத்தாள்: தண்ணித் தொட்டியில சொட்டுதே, அந்த மெழுகை என்ன பண்ணுவீங்க?

நஞ்சுண்டன்: அது... வீணாப் போயிருமுங்க.

மருதாசலம்: க்க்கும்... க்க்கும்!

பாவாத்தாள்: என்னங்க ஆச்சு?

மருதாசலம்: பொகைங்க. தொண்டையில பூந்துக்கிச்சு. வேறொண்ணுமில்லை.

பாவாத்தாள்: அதனாலதான் மாசாமாசம் புதுசா வேணுங்கறீங்களாக்கும். இத்தனை காலமா மெழுகு கொண்டாறேன், ஊத்தறதை ஒருநாளும் பாத்ததில்லை... ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க.

நஞ்சுண்டன்: ஊத்திப்போட்டுக் கேக்கறனே? அச்சு செவந்துருச்சு. மருதாசலம், உலை எப்படி?

மருதாசலம்: தண்ணியாட்டம் ஆயிருச்சு. உலோக மூசையத் தூக்கலாமா?

நஞ்சுண்டன்: மொதல்ல அச்சு. குழிக்குள்ள எறக்கு. வாயி மேல பாக்க... ம்... சுத்தி மண்ணை மெதி. இன்னும் மெதி.

மருதாசலம்: ஆச்சு.

நஞ்சுண்டன்: இடுக்கியப் புடி. அம்மணி, நீங்க செவுத்தோரமாப் போயிக்கோங்க.

பாவாத்தாள்: போயிட்டேனுங்க. மாரியாத்தா, தாயே...

மருதாசலம்: வெளிய பஸ்ஸு சத்தம் கேக்குது நஞ்சுண்டா.

நஞ்சுண்டன்: வாய மூடிக்கிட்டுப் புடி! ...சாய்... இன்னும் கொஞ்சம்... அப்படியே... நூலாட்டம் எறங்கோணும். அறுந்துறக் கூடாது.

மருதாசலம்: கண்ணு வாசப்பக்கம் போகுது பாரு.

நஞ்சுண்டன்: உன்ற கண்ணுதான். ...நிறுத்தாதே... நிறுத்தாதே...

பாவாத்தாள்: ஏனுங்க, இந்தப் பக்கத்து ஓட்டையில என்னமோ செவப்பா எட்டிப் பாக்குது!

நஞ்சுண்டன்: பாத்துருச்சா?

பாவாத்தாள்: பாத்துருச்சுங்க!

நஞ்சுண்டன்: போதும். நிமுத்து. ...காத்துப் போற வழியில உலோகம் வந்துருச்சுன்னா உள்ள நெறைஞ்சுருச்சுன்னு அர்த்தமுங்க. ஆனாலும் ஒடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

மருதாசலம்: ஆறுறதுக்குப் பொழுது சாஞ்சுரும்.

பாவாத்தாள்: நான் இருந்து பாத்துப்போட்டே போறேனுங்க. பொறவு பாக்க வாய்க்காது.

நஞ்சுண்டன்: ஏனுங்க? என்னமோ சொல்லோணும்னீங்களே...

பாவாத்தாள்: இதுதானுங்க நான் கொண்டாற கடைசி மூட்டை.

நஞ்சுண்டன்: கடைசியா?

பாவாத்தாள்: அண்ணன் அவரு ஊரு கோபிக்கு வந்துருன்னு சொல்றாருங்க. ஊட்டுக்காரரு செத்த பொறவு தோட்டத்துல ஒத்தையில எதுக்குக் கெடக்கறே, வாழைத்தோப்பைப் பாத்துக்கிட்டு எங்ககூட இருன்னு. அடுத்த வாரம் கார் கொண்டாறாராமா.

நஞ்சுண்டன்: அப்ப உங்க தேனீப் பொட்டியெல்லாம்?

பாவாத்தாள்: அது... பாத்துக்கலாமுங்க.

மருதாசலம்: நல்லவேளை. இதை ஊத்தறதுக்கு முந்திச் சொல்லாம உட்டீங்க அம்மணி. இவன் மூசையத் தூக்கி என்ற காலு மேல ஊத்தியிருப்பான்.

*

நஞ்சுண்டன்: அச்சு ஆறிருச்சு, சுத்தியலைக் குடு.

மருதாசலம்: பாத்துத் தட்டு. யாரு மேலயோ இருக்கற கோவத்த அம்மன் மேல காட்டாதே.

நஞ்சுண்டன்: எனக்கு யாரு மேல கோவம்?

பாவாத்தாள்: பீடம் தெரியுதுங்க! காலு... கொசுவம்! அடடா, மடிப்பு மடிப்பா...

மருதாசலம்: இடுப்பு வந்துருச்சு. இடது கை... நல்லா வந்திருக்குது. வலது கைப் பக்கம் தட்டு.

நஞ்சுண்டன்: நீ தட்டு.

மருதாசலம்: ஏன்?

நஞ்சுண்டன்: என்னால முடியலையப்பா. அம்மணி, அந்தக் கைய நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் இக்கட்ட திரும்பிக்கறேன்.

பாவாத்தாள்: அட, சின்னப் பையனாட்டம் கண்ணை மூடிக்கிட்டா எப்படிங்க? ...மருதாசலண்ணா, மெல்லத் தட்டுங்க... அந்த மண்ணையும் எடுங்க... அய்யோ.

நஞ்சுண்டன்: என்னாச்சுங்க?

பாவாத்தாள்: வரலையேங்க...

நஞ்சுண்டன்: ...போச்சா? வரலைங்களா?

பாவாத்தாள்: ஆறாவது வெரலு வரலீங்க. அஞ்சுதான் வந்திருக்குது.

மருதாசலம்: ஹா ஹா ஹா! சிரிக்கறானா அழுகறானான்னே தெரியலையே!

நஞ்சுண்டன்: ஒரு நிமிசம் உசுரே போயிருச்சுங்க.

பாவாத்தாள்: நகங்கூட வந்திருக்குது பாருங்க. நீங்க மெழுகுல கீறுன நகம்.

மருதாசலம்: அப்ப கும்பகோணம் இல்லை. நான் போயி டீயும் போண்டாவும் வாங்கியாறேன். அம்மணி, உங்க மூட்டை வாசல்ல கெடக்குது. அதை உள்ளறை அட்டாலி மேல வெச்சுருங்க.

நஞ்சுண்டன்: வேண்டாம்! அங்கயே கெடக்கட்டும்.

மருதாசலம்: ஏன், எறும்பு மொய்க்காது?

நஞ்சுண்டன்: நான் வெச்சுக்கறேன். ஏனுங்க, நீங்க போகாதீங்க... அங்க இருட்டு... பல்லி கெடக்கும்...

பாவாத்தாள்: தோட்டத்துக்குள்ள யானை வாற ஊருக்காரிங்க நானு. பல்லிக்குப் பயந்துக்குவனா? இந்தா, உள்ள வெச்சுப்போட்டு வாறேன்.

நஞ்சுண்டன்: கெடுத்துப்போட்டயே மருதாசலம்.

மருதாசலம்: நான் டீக்குப் போறேன். வாறதுக்கு நேரமாகும். ரொம்ப நேரமாகும்.

பாவாத்தாள்: ஏனுங்க...

நஞ்சுண்டன்: சொல்லுங்க.

பாவாத்தாள்: அட்டாலி பூரா மூட்டையா கெடக்குதே. எல்லாம் நான் கட்டுன கட்டு. ஒண்ணைக்கூடப் பிரிக்கலை.

நஞ்சுண்டன்: ஆமாங்க.

பாவாத்தாள்: அப்ப இந்த அம்மனை எந்த மெழுகுல செஞ்சீங்க?

நஞ்சுண்டன்: பழைய மெழுகுலதானுங்க. தொட்டித் தண்ணியில உழுகறது கட்டியாயிரும். எடுத்துக் குங்கிலியம் கொஞ்சம் சேத்து, மறுக்கா அதையே உருக்கிக்குவோம். கொறையறது கொஞ்சந்தான். வருசத்துக்கு ஒரு மூட்டை இருந்தாப் போதும்.

பாவாத்தாள்: வீணாப் போயிருமுன்னு காலையில சொன்னீங்களே!

நஞ்சுண்டன்: சொன்னேன்.

பாவாத்தாள்: அப்பறம் எதுக்குங்க மாசாமாசம் என்னைய வரச்சொன்னீங்க?

நஞ்சுண்டன்: ...மெழுகு போதும்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களே. கோவமுங்களா?

பாவாத்தாள்: இதைச் சொல்றதுக்கு நான் கோபிக்குப் பொறப்பட வேண்டியிருக்குது!

நஞ்சுண்டன்: போகாதீங்க. நானே கோபிக்கு பஸ் ஏறறேன். உங்கண்ணங்கிட்ட நேர்ல கேட்டுப்போடறேன்.

பாவாத்தாள்: என்னன்னு கேப்பீங்க? இன்னும் மெழுகு வேணும்னா?

நஞ்சுண்டன்: மெழுகு வேண்டாமுங்க. நீங்க வேணும்னு.

பாவாத்தாள்: அட... வாயி இருக்குதே!

நஞ்சுண்டன்: சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். இந்தப் பட்டறைக்குப் பின்னால பொடக்காளியில நெறைய எடங்கெடக்குது. ரெண்டு முருங்கை, நாலஞ்சு தென்னை. உங்க பொழப்பை நீங்க உடவேண்டாம். தேனீப் பொட்டியெல்லாம் கொண்டாந்து இங்கயே வெச்சுக்கலாம். நானே வண்டி புடிச்சு, ஒரு தேனீக்கூடக் கலையாம எறக்கித் தாறேன்.

பாவாத்தாள்: கலையறதுக்கு ஒண்ணுமில்லீங்க, எல்லாம் காலிப் பொட்டி. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஏதோ சீக்கு வந்து தேனீ பூராவும் செத்துப்போச்சு. அதுக்குப் பொறவு நான் கொண்டாந்தது எல்லாமே டவுன்ஹால் கடையில வாங்குன மெழுகுங்க, இன்னைக்கு மூட்டையக்கூட நேத்தே வாங்கி வெச்சேன். உங்க பட்டறையத் தாண்டியே டவுனுக்குப் போயி, வாங்கி மூட்டை கட்டி, திரும்பி வந்து இங்க எறங்குவேன்... வெறுங்கையோட வந்தா, எதுக்கு வந்தேன்னு கேப்பீங்களே!