பின்னங்காலைப் பார்த்தவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை அதிகாரி அவர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உட்கார இடமிருந்தும் கடைசியில் நிற்கும் நர்சரி அண்ணனே, வணக்கம்.

பூச்சி அடையாளப் பிரிவின் மூத்த ஆய்வாளரை இழந்து நிற்கிறோம். நாம் அவருக்கு வைத்த பட்டம் ‘பின்னங்கால் அக்கா’. எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். அவர் பொறுமைசாலி இல்லை. காக்க வைக்கப்பட்டவர்.

ஜூனிபர் செடியில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் இரண்டு பழுப்பு அசுவினிப் பூச்சிகள் நம்மிடம் வருகின்றன. ஒன்று இளந்தளிரில் சாறு குடித்துவிட்டுப் போகும், செடி பிழைத்துக்கொள்ளும். மற்றது கிளையையே காயவைத்துவிடும். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியுமா? முடியாது. பூச்சியைக் காரக்கரைசலில் சூடாக்கி, உடல் தெளிந்ததும் ஸ்லைடில் கால்களை விரித்து வைத்து, பின்னங்காலில் கருமை எங்கே தொடங்குகிறது, ரோமம் எவ்வளவு, உறிஞ்சுகுழலின் நுனி எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அக்காவின் வாயிலிருந்து பெயர் வரும்.

போன கோடையில் அண்ணனின் நர்சரியில் அசுவினி பிடித்தது. கிளையைக் காயவைக்கும் இனம்தான், எல்லாச் செடியையும் எரித்துவிடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஸ்லைடு தயாராகும்வரை பொறுக்கச் சொன்னார் அக்கா. நானும் அந்த அறையில் இருந்தேன்.

“ரெண்டும் பழுப்பு. ரெண்டும் ஒரே செடியில உக்காந்திருக்கு. இதுல என்னம்மா பெரிய வித்தியாசம்?” என்றார் தலைமை அதிகாரி.

“நீங்களும் நானும்கூட ஒரே ஆபீஸ்லதான் சார் உக்காந்திருக்கோம்.”

அறையே சிரித்தது. செடிகள் எரிந்தன.

ஸ்லைடுகள் தயாரானபோது, அத்தனையிலும் இருந்தது சாதுவான இனம். அக்கா அதை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் அதே ஸ்லைடுகளைத் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் நம்மிடத்தில் அது முடிவாகும். தகுதியுள்ளவர்களில் யார் பார்த்தீர்கள்? ஒருவருக்குத் தலைவலி. ஒருவருக்கு விடுப்பு. ஒருவருக்கு மைக்ரோஸ்கோப்பே மங்கலாகிவிட்டது. அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் அண்ணனின் நர்சரியோ இன்றுவரை பூட்டிக் கிடக்கிறது.

மருத்துவமனையில் அக்காவைப் பார்க்கப் போனேன்.

“யாராச்சும் பாத்தாங்களாடா?”

“இல்லக்கா.”

“நான் சொன்னதை ஒத்துக்கணும்னு இல்லடா. குனிஞ்சு ஒரு தடவை பாத்தாப் போதும்.”

பார்க்கவில்லை. மாலை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம்.

கையெழுத்திடும் தகுதி எனக்குப் போன வாரம்தான் வந்தது. அக்கா எழுதியதை மூடி வைத்துவிட்டு, எல்லா ஸ்லைடுகளையும் புதிதாகப் பார்த்தேன். சலுகை காட்டவில்லை, காட்டியிருந்தால் அவரே என்னைக் கிழித்திருப்பார். சாதுவான இனம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணா, உங்கள் நகல் என் பையில் இருக்கிறது. எரிந்தது திரும்பாது. பூட்டையாவது திறந்துகொள்ளுங்கள்.

இனி பின்னங்காலைப் பார்க்காமல் இந்தப் பிரிவிலிருந்து ஒரு பெயரும் வெளியே போகாது. நான் இருக்கும்வரை போகாது.

அடுத்தது மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறார்கள். அக்காவுக்கு நாம் கொடுத்த மௌனம் போதாதா? படத்துக்குப் பக்கத்தில் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறேன். ஸ்லைடு மாட்டியிருக்கிறது, விளக்கும் எரிகிறது. ஒவ்வொருவராக வந்து குனிந்து பாருங்கள்.

சார், முதலில் நீங்கள்.