மூன்று லட்சம் படங்களும் ஓர் ஏலக்காய் பன்னும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் இரண்டு முழங்கால்மேலும் ஆணை. அதில் ஒன்று டைட்டானியம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

எனக்குக் காபியில் பால் சேர்த்தால் பிடிக்காது. மற்றபடி யாரோடும் விரோதமில்லாதவன். லுண்ட் நகரத்து எக்ஸ்ரே ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்தொரு வருடமாகக் கதிரைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. கதிரைப் பிடித்துப் படமாக்கும் பழைய டிடெக்டர் ஒரு படத்துக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே உலோகம் உருகும். வெளியே நாங்கள் பதினோரு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏலக்காய் பன்னோடு காபி குடிப்போம். உருகுவதற்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆராய்ச்சிக்கு வந்த சுன்னிவா கேட்டாள். பேட்டரி சூடேறி வெடிக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க, நொடிக்கு லட்சம் படம் எடுக்கும் டிடெக்டரை நான்கு வருடம் முனைந்து செய்தாள். கடைசியில் சோதனை நாள் வந்தது. அது தேறாவிட்டால் அவள் வேலை போய்விடும். தேறினால் எங்கள் காபி போய்விடும்.

"நீ கப்பைத் தூக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், அல்காட். இனிமே எதுக்கு உக்காந்து காத்திருக்கணும்?"

லட்சம் படத்தை யார் பார்ப்பது என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

"அத கம்ப்யூட்டர் பாத்துக்கும். நீ உன் பன்னப் பாரு."

பார்த்தேன். கதிரைத் திறக்கும் முன் சோதனை நடக்கும் ஈய அறையை ஒரு சுற்று சுற்றி, உள்ளே ஆளில்லை என்று மூன்று பொத்தான்களை அழுத்த வேண்டும், அது விதி. குனிந்து பேட்டரியைப் பொருத்திக்கொண்டிருந்த சுன்னிவாவையும் சேர்த்துச் சுற்றி வந்து, மூன்றையும் அழுத்தினேன். மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதென்று ஒரு கப் காபியும் ஏலக்காய் பன்னும் வைத்துவிட்டுத்தான் கதவை மூடினேன்.

உள்ளிருந்து போனில் கூப்பிட்டாள். "அல்காட், நான் உள்ள இருக்கேன்."

"தெரியும். காபி ஆறிடும், உக்காரு."

கதிரை அறை முழுக்க விரித்துத் திறந்தேன். மூன்று நொடி. டிடெக்டர் பிரமாதமாக வேலை செய்தது, அதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். மூன்று லட்சம் படங்களையும் ஒன்றுவிடாமல் நானே பார்த்தேன். முதல் படத்தில் பன் தட்டில் இருக்கிறது. கடைசிப் படத்தில் அவள் பல்லுக்கிடையில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்ட்கூடத் தெளிவு. நான்கு வருடத்தில் அவள் எங்களோடு காபிக்கு உட்கார்ந்தது அன்றுதான். எனக்கும் மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது.

நடந்தது ஜூலை பதினாறாம் தேதி. வருடா வருடம் ஜூலை முழுக்க எங்கள் கூடத்தில் கதிரையே அணைத்துவிட்டு, எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவோம்.